மேட்டில் நிற்காத வைப்பர்: ராபர்ட் பாஷ் என்ற பட்டறைக்காரரின் கதை



லாரிப் பட்டறைப் பக்கம் கொஞ்ச நாள் போய் நின்றவர்களுக்கு 'மைக்கோ' என்ற பெயரைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிளக்கா? மைக்கோ. டீசல் பம்பா? மைக்கோ. பெங்களூரில் 1951-ல் தொடங்கிய அந்தக் கம்பெனியின் முழுப் பெயர் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி. 2008-ல் அது பாஷ் லிமிடெட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. புதுப்பெயர் ஒன்றுமில்லை, பிறந்த வீட்டுப் பெயர்தான். ஆரம்பத்திலிருந்தே அதற்குத் தொழில் சொல்லிக் கொடுத்தது ஜெர்மனியில் உள்ள பாஷ் கம்பெனி.

சரி, அந்த பாஷ் யார்? பெரிய விஞ்ஞானியா? இல்லை. படித்து வாங்கிய பட்டம் உண்டா? அதுவும் இல்லை. பதினைந்து வயது வாக்கில் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, கையில் எண்ணெய்க் கறையோடு வளர்ந்த ஒரு மெக்கானிக். டிப்ளமோ படிக்கிற நமக்கு அவர் கதை ரொம்ப நெருக்கமானது. அதிலும் ஒரு சின்னச் சாமான் வழியாகப் பார்த்தால் அவர் யோசித்த விதம் நன்றாகப் புரியும். மழையில் கண்ணாடி துடைக்கும் வைப்பர்தான் அந்தச் சாமான்.

சத்திரத்து வீட்டுப் பிள்ளை

ராபர்ட் பாஷ் 1861 செப்டம்பர் 23-ல் தெற்கு ஜெர்மனியில், உல்ம் நகரத்துக்குப் பக்கத்தில் ஆல்பெக் என்ற கிராமத்தில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் பதினொன்றாவது. அப்பா விவசாயி, வழிப்போக்கர்கள் தங்குகிற சத்திரமும் நடத்தினார். 1869-ல் குடும்பம் உல்ம் நகரத்துக்குக் குடிபோனது.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் 1876-ல் நுண்கருவிகள் செய்யும் பட்டறை ஒன்றில் பையனைத் தொழில் பழகச் சேர்த்தார்கள். மூன்று வருடம். ஆனால் அந்த முதலாளிக்குச் சொல்லிக் கொடுப்பதில் அக்கறையே இல்லை. பையன்கள் தாங்களாகப் பார்த்துக் கற்றுக்கொண்டால் உண்டு. இந்தக் கசப்பு பாஷ் மனதில் கடைசிவரை இருந்தது. பின்னாளில் தானே முதலாளியானபோது, 1913-ல் பயிற்சிப் பையன்களுக்கென்றே தொழிற்சாலையில் தனிப் பட்டறை வைத்தார். தனக்குக் கிடைக்காததை அடுத்தவனுக்குக் கொடுத்த மனசு அது.

பயிற்சி முடிந்ததும் ஊர் ஊராகப் போய் வேலை பார்த்தார். நூரம்பெர்க்கில் ஷுக்கர்ட் கம்பெனியில் இருந்தார். 1883-ல் ஸ்டுட்கார்ட் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் கொஞ்ச காலம் வகுப்புக் கேட்டார். அந்தக் கல்லூரிக்கு அப்போது என்ன பெயர் தெரியுமா? பாலிடெக்னிக்கம்! முழு மாணவராகச் சேரும் தகுதி அவருக்கு இல்லை, உட்கார்ந்து கேட்க மட்டும் அனுமதி. பாடம் முழுக்கப் புரிந்துவிடவில்லை. ஆனால் மின்னழுத்தம், குதிரைசக்தி மாதிரி வார்த்தைகளைக் கேட்டால் வருகிற பயம் போய்விட்டது என்று பின்னால் நினைவுகூர்ந்திருக்கிறார். நமக்கும் முதல் செமஸ்டரில் நடப்பது அதுதானே!

1884-ல் கப்பலேறி அமெரிக்கா போனார். நியூயார்க்கில் எடிசன் கம்பெனியில் வேலை. அடுத்த வருடம் இங்கிலாந்தில் சீமென்ஸ் கம்பெனியில் வேலை. பிறகு ஊர் திரும்பி, 1886 நவம்பர் 15-ல் ஸ்டுட்கார்ட்டில் ஒரு வீட்டின் பின்கட்டில் சொந்தப் பட்டறை திறந்தார். குடும்பச் சொத்தில் வந்த பங்கு 10,000 மார்க்தான் முதல். ஆட்கள் இரண்டே பேர்: ஒரு மெக்கானிக், ஓடி வேலை செய்ய ஒரு பையன். வாசலில் எழுதிய பெயர் மட்டும் பெரிசு: நுண்கருவி, மின்பொறியியல் பட்டறை.

பொறியில் பிடித்த தொழில்

முதலில் வந்த வேலைகள் எல்லாம் சில்லறை வேலைகள். காலிங் பெல் மாட்டுவது, வீட்டு டெலிபோன் இழுப்பது, ரிப்பேர். 1887-ல் ஒரு எந்திரக் கம்பெனிக்காரர் வந்து, கேஸ் எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் மேக்னெட்டோ ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டார். அதே மாதிரி ஒன்று ஏற்கெனவே வேறொரு எஞ்சினில் ஓடிக்கொண்டிருந்தது. பாஷ் சும்மா பார்த்துக் காப்பி அடிக்கவில்லை. காப்புரிமை இருக்கிறதா என்று முதலில் விசாரித்தார். இல்லை என்று தெரிந்த பிறகு, குறைகளைத் திருத்தி இன்னும் உறுதியாகச் செய்து கொடுத்தார்.

அதற்காக உடனே பணம் கொட்டவில்லை. 1890களின் தொடக்கத்தில் தொழில் படுத்துவிட்டது. பெரும்பாலான ஆட்களை அனுப்ப வேண்டி வந்தது, கடன் வாங்கிக் காலம் தள்ளினார். வாடிக்கையாளர் வீடுகளுக்கு சைக்கிளில் சுற்றினார்.

திருப்பம் 1897-ல் வந்தது. அதுவரை ஓரிடத்தில் நின்று மெதுவாக ஓடும் எஞ்சினுக்குத்தான் மேக்னெட்டோ. அதை வேகமாகச் சுற்றும் வண்டி எஞ்சினுக்குப் பொருத்த முடியுமா என்ற கேள்வி எழுந்தது. ஒரு பிரெஞ்சு மூன்று சக்கர மோட்டார் வண்டியை வைத்து, பட்டறையிலிருந்த ஸாரிங்கர் என்ற தொழிலாளி வழி கண்டுபிடித்தார். 1902-ல் அதற்கும் மேலே போய், ஸ்பார்க் பிளக்கோடு இணைந்து வேலை செய்யும் உயர் அழுத்த மேக்னெட்டோ வந்தது. அதைச் செய்தவர் காட்லோப் ஹோனோல்ட். இந்த ஹோனோல்ட் 1891-ல் அதே பட்டறையில் தொழில் பழக வந்த பையன். பின்பு படித்துவிட்டு 1901-ல் தலைமைப் பொறியாளராகத் திரும்பி வந்தவர். பையனை ஒழுங்காகப் பழக்கினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

பாஷ் தன் பெயரில் எல்லாக் கண்டுபிடிப்பையும் போட்டுக்கொண்டவர் இல்லை. அவருடைய பங்கு வேறு. எது செய்தாலும் அது ஓடவேண்டிய நேரத்தில் ஓட வேண்டும். விற்ற பிறகு வாடிக்கையாளர் திரும்பி வந்து முகம் சுளிக்கக் கூடாது. பணம் போனாலும் போகட்டும், பெயர் போகக்கூடாது என்பது அவர் கட்சி.

1906-ல் எட்டு மணி நேர வேலை கொண்டுவந்தார். ஜெர்மனியில் அப்போது அப்படிச் செய்த முதலாளிகள் மிகக் குறைவு. மற்ற முதலாளிகள் அவரைச் 'சிவப்பு பாஷ்' என்று கேலி செய்தார்கள். 1910-ல் ஸ்டுட்கார்ட் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் பத்து லட்சம் மார்க் கொடுத்தார். தான் ஓரமாக உட்கார்ந்து கேட்ட அதே கல்லூரி! அதற்காக அவர் மகான் ஆகிவிடவில்லை. 1913-ல் அவர் தொழிற்சாலையிலும் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அதுவும் வரலாறுதான்.

வண்டிக்குள் ஒரு பவர் ஹவுஸ்

மேக்னெட்டோ தன் மின்சாரத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும். அதில் வருவது பொறிக்கு மட்டும் போதும். விளக்கு வேண்டும் என்றால்? அந்தக் காலக் கார்களில் அசெட்டிலின் கேஸ் விளக்கு. மழையில் அணைந்துவிடும். 1913-ல் பாஷ் கம்பெனி டைனமோ, பேட்டரி, ரெகுலேட்டர், ஹெட்லைட் எல்லாம் சேர்ந்த முழு அமைப்பாக மின்விளக்கைக் கொண்டுவந்தது. அடுத்த வருடம் ஸ்டார்ட்டர். இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். அவர்கள் விற்றது வெறும் பல்பு இல்லை. வண்டிக்குள் ஒரு சின்ன பவர் ஹவுஸையே வைத்தார்கள். எஞ்சின் ஐடிலில் இருந்தாலும், மேடேறினாலும், ஏன், நின்றே போனாலும், பேட்டரியில் கொஞ்சம் சேமிப்பு இருக்கும்.

பிறகு முதல் உலகப் போர். அமெரிக்காவில் இருந்த பாஷ் சொத்துகளை அந்நாட்டு அரசு எடுத்துக்கொண்டது. போரில் வந்த லாபத்தில் பெரும் பகுதியைப் பாஷ் பொதுக் காரியத்துக்குக் கொடுத்துவிட்டார். 1921-ல் ஒரே மகன் நோயில் இறந்தார். அதே ஆண்டு கம்பெனி ஹார்ன் விற்க ஆரம்பித்தது. வீட்டில் துக்கம், பட்டறையில் வேலை. இரண்டும் சேர்ந்தே போன காலம் அது.

காற்றை நம்பிய வைப்பர்

இப்போது வைப்பருக்கு வருவோம். கண்ணாடி துடைக்கும் கை ஒன்றுக்கு 1903-ல் அமெரிக்காவில் மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி காப்புரிமை வாங்கினார். ஜெர்மனியில் 1908-ல் மன்னரின் தம்பி ஹைன்ரிச் இளவரசரும் ஒன்று வாங்கினார். இரண்டும் கையால் ஆட்டுவது. ஒரு கையில் ஸ்டீயரிங், இன்னொரு கையில் வைப்பர், கியர் போட மூன்றாவது கை எங்கே?

அடுத்து வந்தது வேக்குவம் வைப்பர். 1920களில் அமெரிக்காவில் பிரபலம். ஃபோல்பெர்த் சகோதரர்களும் ட்ரிகோ கம்பெனியும் அதில் முன்னோடிகள். யோசனை என்னவோ அழகானது. பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைகிறது. அங்கேயிருந்து ஒரு ரப்பர் ஹோஸ் இழு. அரைவட்டப் பெட்டிக்குள் ஒரு தகடு. தகட்டின் ஒரு பக்கம் வேக்குவம், மறுபக்கம் வெளிக்காற்று. தகடு நகரும். கடைசிக்குப் போனதும் வால்வு மாறும், தகடு திரும்பி வரும். தகட்டோடு வைப்பர் கையும் ஆடும். மோட்டார் இல்லை, ஒயர் இல்லை, பேட்டரிக்கும் செலவில்லை. ஓசியில் கிடைத்த சக்தி!

ஆனால் ஓசிக்கு ஒரு குணம் உண்டு. நமக்குத் தேவைப்படும்போது வராது. ஐடிலில் த்ராட்டில் மூடியிருக்கும், மேனிஃபோல்டில் வேக்குவம் பாதரசக் கணக்கில் 18 அங்குலத்துக்கு மேல் இருக்கும். வைப்பர் பட்பட்டென்று அடிக்கும். ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தால் த்ராட்டில் திறந்துவிடும், வேக்குவம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய்விடும். வைப்பர் கண்ணாடி நடுவில் அப்படியே நின்னுடும்.

எப்போது மிதிப்போம்? மேடேறும்போது. முன்னால் போகிற வண்டியை ஓவர்டேக் செய்யும்போது. கொட்டுகிற மழையில், எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்தே ஆகவேண்டிய அந்த நாலு விநாடியில் கண்ணாடி குருடாகிவிடும். காலை எடுத்தால் கண் தெரியும், ஆனால் வண்டி பாதி வழியில் நிற்கும். இது சௌகரியப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. வேக்குவத்தைச் சேமிக்க டேங்க் வைத்தார்கள், ஃபியூயல் பம்போடு ஒரு வேக்குவம் பம்பையும் சேர்த்தார்கள். நோய் குறைந்தது, தீரவில்லை. இத்தனைக்குப் பிறகும் அமெரிக்க வண்டிகள் சிலவற்றில் இது 1970களின் தொடக்கம்வரை நீடித்தது.

1926

1926-ல் ஜெர்மனியில் கார்த் தொழிலே நெருக்கடியில் இருந்தது. பாஷ் கம்பெனியிலும் ஆட்குறைப்பு. பாஷுக்கு அப்போது 65 வயது, அன்றாட நிர்வாகத்தை அடுத்தவர்களிடம் விட்டுவிட்ட சமயம். அந்த வருடம்தான் கம்பெனி மின்சார வைப்பரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மின்சாரத்தால் கண்ணாடி துடைக்கும் யோசனை புதிதில்லை. அமெரிக்காவில் சார்லட் பிரிட்ஜ்வுட் என்ற பெண்மணி அதற்கு முன்பே உருளைகள் வைத்து ஒன்று செய்திருந்தார், அது விற்கவில்லை. பாஷிடம் இருந்த பலம் வேறு. டைனமோவும் பேட்டரியும் அவர்கள் கையில் ஏற்கெனவே இருந்தன.

அமைப்பு இன்றும் நாம் லேபில் கழற்றிப் பார்ப்பது மாதிரிதான். சின்ன மோட்டார் ஒரே திசையில் வேகமாகச் சுற்றும். வோர்ம் கியர் அந்த வேகத்தைக் குறைத்து, விசையைக் கூட்டும். சுற்றுவதை ஆட்டமாக மாற்ற ஒரு கிராங்க்கும் லிங்க்கும் போதும். கையின் நுனியில் ரப்பர். மேடோ பள்ளமோ, ஆக்சிலரேட்டரில் கால் இருக்கோ இல்லையோ, வைப்பருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. அதே 1920களின் கடைசியில் அதே பாஷ் கம்பெனி, பெல்ஜியத்துப் பொறியாளர் டெவாண்டரின் முறையில் வேக்குவத்தால் உதவி பெறும் பிரேக்கையும் விற்றது! வைப்பருக்கு வேண்டாம் என்ற வேக்குவம் பிரேக்குக்கு மட்டும் எப்படி நல்லதானது? யோசியுங்கள். பிரேக் பிடிக்கும்போது கால் ஆக்சிலரேட்டரில் இருக்காது. த்ராட்டில் மூடியிருக்கும். வேக்குவம் அப்போதுதான் அதிகம்! தேவையும் சக்தியும் ஒரே நேரத்தில் வருகின்றன. வைப்பரில் தேவை வரும்போது சக்தி போய்விடுகிறது. ஆக, வேக்குவம் கெட்டதும் இல்லை, மின்சாரம் உசத்தியும் இல்லை. எந்த நேரத்தில் எது கைகொடுக்கும் என்பதுதான் கேள்வி. வைவாவில் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 1927-ல் பாஷ் டீசல் இன்ஜெக்ஷன் பம்பு உற்பத்தியில் இறங்கியது. டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சின் மாதிரி த்ராட்டில் சாதாரணமாகக் கிடையாது. த்ராட்டில் இல்லையென்றால் மேனிஃபோல்டில் சொல்லிக்கொள்ளும்படி வேக்குவமும் இல்லை. டீசல் லாரிக்கு வேக்குவம் வைப்பர் வைத்தால், அதற்கென்று தனி வேக்குவம் பம்பு வேண்டும். அப்படிப் பார்த்தால் டீசல் காலத்துக்கு ஏற்ற வைப்பர் ஒரு வருடம் முன்னதாகவே தயாராகிவிட்டது.

பழைய வண்டியில் மாற்றுகிறவர்களுக்கு

பழைய வில்லிஸ் ஜீப், பழைய அமெரிக்கக் கார் வைத்திருப்பவர்கள் வேக்குவம் வைப்பரை எடுத்துவிட்டு மின்சார வைப்பர் மாட்டுவது இன்றும் நடக்கிறது. நம்மிடம் அப்படி ஒரு வேலை வந்தால் பாஷ் மாதிரி முழு அமைப்பையும் பார்க்க வேண்டும்.

முதலில் வோல்டேஜ். வண்டி 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா? அதே பவருக்கு 6 வோல்ட்டில் கரண்ட் இரண்டு மடங்கு ஓடும், ஒயரும் அதற்குத் தக்க தடிமன் வேண்டும். எர்த் பாசிட்டிவா, நெகட்டிவா என்றும் பார்க்கணும். சில பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த்.

இரண்டாவது டைனமோ. பழைய டைனமோ ஐடிலில் அவ்வளவாகக் கொடுக்காது. ராத்திரி, மழை, ஹெட்லைட், வைப்பர் எல்லாம் சேர்ந்தால் பேட்டரி தாங்குமா என்று கூட்டிப் பாருங்கள். ஃபியூஸ் இல்லாமல் மாட்டவே கூடாது. கண்ணாடியில் வைப்பர் சிக்கினால் மோட்டார் சூடேறி ஒயர் எரியும்.

மூன்றாவது, ரொம்பப் பேர் மறப்பது: ஹோஸைக் கழற்றிய இடத்தில் மேனிஃபோல்ட் துளையை இறுக்கமாக அடைக்க வேண்டும். இல்லையென்றால் அதன் வழியே காற்று உள்ளே போகும், கலவையில் பெட்ரோல் குறையும், ஐடில் தடுமாறும். கார்புரேட்டர் கெட்டுவிட்டது என்று அதைப் போட்டுக் குடைந்துகொண்டிருப்போம்.

நாலாவது, கை ஆடும் அளவு. பிளேடு கண்ணாடிச் சட்டத்தில் இடிக்காமல் லிங்க் நீளத்தைச் சரிசெய்யணும். சுவிட்சை அணைத்ததும் பிளேடு ஓரமாகப் போய்ப் படுக்க, மோட்டாரில் பார்க்கிங் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கழற்றிய பழைய வேக்குவம் மோட்டாரைத் தூக்கிப் போடாதீர்கள். அது அந்த வண்டியின் சரித்திரம்.

கடைசிக் காலம்

பாஷின் கடைசி ஆண்டுகள் ஹிட்லர் ஆட்சியில் கழிந்தன. அவருக்கு அந்த ஆட்சி பிடிக்கவில்லை. துன்பப்பட்ட யூதர்களுக்கு உதவினார். ஹிட்லரை எதிர்த்த கார்ல் கோர்டெலருக்கு 1937-ல் கம்பெனியில் ஆலோசகர் வேலை கொடுத்தார். கோர்டெலரை 1945-ல் நாஜிகள் தூக்கிலிட்டார்கள். ஆனால் அதே கம்பெனி போருக்கான சாமான்களும் செய்தது, கட்டாயப்படுத்திக் கொண்டுவந்த தொழிலாளர்களின் உழைப்பையும் பயன்படுத்தியது. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது.

1940-ல் ஸ்டுட்கார்ட்டில் அவர் பணத்தில் கட்டிய மருத்துவமனை திறந்தது. 1942 மார்ச் 12-ல், 80 வயதில், காதில் வந்த தொற்று முற்றி இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற விருப்பத்தின்படி, 1964-ல் கம்பெனியின் பெரும்பாலான பங்குகள் அறக்கட்டளைக்குப் போயின.

இரண்டு ஆட்களோடு பின்கட்டில் தொடங்கிய பட்டறை உலகம் முழுக்கப் போனதற்கு மேக்னெட்டோ ஒரு காரணம், காலம் ஒரு காரணம். என் கணக்கில் முக்கியக் காரணம், ஒரு சாமான் எந்த இடத்தில் கைவிடும் என்று முன்கூட்டியே கேட்ட பழக்கம். பட்டறை டேபிளில் எல்லா வைப்பரும் ஆடும். மேட்டில், மழையில், ராத்திரியில் ஆடுகிறதா என்று கேட்பவன்தான் மெக்கானிக்.

நாளைக்கு நாம் ஏதோ ஒரு பட்டறையிலோ தொழிற்சாலையிலோ சூப்பர்வைசராகப் போய் நிற்கப்போகிறோம். ஒரு வேலையை முடித்து ஓ.கே. போடும் முன்னால் அந்தக் கேள்வியை ஒரு தடவை கேட்டுவிடுவோம். நாம் பார்த்தே இராத ஒரு டிரைவர், ஏதோ ஒரு மலைப்பாதையில், நம் கையெழுத்தை நம்பித்தான் ஆக்சிலரேட்டரை மிதிக்கப்போகிறார்.